பூட்டு நகரமும் ஒரு கல்விக் கிராமமும்



மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் ரயிலில் திண்டுக்கல்லுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், இருபுறச் சன்னல்களையும் பார்த்துக்கொண்டே செல்லுங்கள். வலப்புறம் சிறுமலை உடன் வரும். இடப்புறம் வெகு தொலைவில், நீல நிறத்தில் கொடைக்கானல் மலைத்தொடர் தெரியும். இரண்டிற்கும் இடையே விரிந்து கிடப்பதுதான் திண்டுக்கல் சமவெளி. தென்னந்தோப்புகள், கிணற்றுப் பாசன வயல்கள், நடுநடுவே நூற்பாலைகளின் நீண்ட கூரைகள். கொடைக்கானல் ரோடு நிலையத்தைக் கடந்ததும் அம்பாத்துரை என்னும் சிறிய நிலையம் வரும். பெரும்பாலான விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை. ஆனால் இந்த நாட்டில் கல்வியைப் பற்றி நடந்த மிகப் பெரிய சோதனைகளுள் ஒன்று, அந்தச் சிறிய நிலையத்தின் அருகில்தான் நடந்தது.

அந்த இடத்திற்கு உங்களை அழைத்துச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர் திண்டுக்கல் நகரைச் சற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவோம். நகரைப் பார்க்காமல் அந்தக் கல்விச் சோதனையின் பொருள் முழுமையாக விளங்காது.

கல்லும் கோட்டையும்

திண்டு போன்ற கல் இருப்பதால் திண்டுக்கல் என்று ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்வார்கள். நகரின் நடுவே அந்தப் பாறை எழுந்து நிற்கிறது. அதன்மேல் உள்ள கோட்டையை 1605இல் மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கினார். 1755இல் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி இங்கே பவுஜ்தாராக வந்து சேர்ந்தார். பின்னாளில் மைசூரையே ஆண்ட அந்த மாவீரரின் ஏற்றம் தொடங்கியது இந்தப் பாறையின் நிழலில்தான். பிரெஞ்சுக் கைவினைஞர்களின் துணையோடு அவர் இங்கே ஒரு படைக்கலச் சாலையை நிறுவினார் என்று வரலாறு கூறுகிறது. இரும்பை உருக்கவும், அளந்து கடையவும், பொருத்திப் பார்க்கவும் தெரிந்த கைகளை அவர் தேடிச் சேர்த்தார். பள்ளிப் படிப்பு இல்லாதவர் என்று அறியப்பட்ட ஹைதர், செய்யத் தெரிந்தவனிடமிருந்து கற்றுக்கொள்ள ஒருபோதும் வெட்கப்படாதவர் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நகரின் மற்றொரு பகுதி பேகம்பூர். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அங்கே அடக்கமாகியிருப்பதால் அப்பெயர் வந்தது என்பர். அங்குள்ள பெரிய பள்ளிவாசலும் அக்காலத்தின் நினைவுச் சின்னமே. தோல் பதனிடும் தொழிலாலும் வணிகத்தாலும் வளர்ந்த சமுதாயம் இங்கே வாழ்கிறது. தோலைப் பதப்படுத்துவது என்பது வேதியியல் அல்லாமல் வேறென்ன? சுண்ணாம்பு நீரில் எத்தனை நாள் ஊறினால் முடி கழலும், எந்தப் பட்டையின் சாறு தோலை அழுகாமல் காக்கும் என்பதை அந்தத் தொழிலாளர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் அதனை ‘அறிவியல்’ என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலும் சொல்வதில்லை.

பூட்டு ஒரு பாடநூல்

திண்டுக்கல் என்றதும் நாம் அனைவரும் நினைப்பது பூட்டு. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மாங்காய் வடிவில் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டினை உங்கள் பாட்டி வீட்டு அலமாரியிலோ அரிசி அறையிலோ நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

இந்தப் பூட்டினைச் சற்றுத் திறந்து பார்ப்போம். உள்ளே தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். தொழிலாளர்கள் அவற்றை ‘லீவர்’ என்பார்கள். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லீவரைத் தூக்குகிறது. ஒவ்வொன்றும் அதற்குரிய உயரத்திற்குச் சரியாகத் தூக்கப்பட்டால்தான் பூட்டின் நாக்கு நகரும். குறைவாகத் தூக்கினாலும் நகராது, அதிகமாகத் தூக்கினாலும் நகராது. லீவர் ஒன்றுக்கு நான்கு உயரங்கள் இருக்கலாம் என்றும், ஒரு பூட்டில் ஐந்து லீவர்கள் உள்ளன என்றும் வைத்துக்கொள்வோம். எத்தனை வகைச் சாவிகள் செய்யலாம்? நான்கை ஐந்து முறை பெருக்குங்கள்: 1024. மேலும் ஒரு லீவரைச் சேர்த்தால் 4096. மேல்வகுப்பில் பிள்ளைகளை மிரட்டும் அடுக்குக்குறிக் கணக்கு, இங்கே உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது.

இவ்வகைக் கருவிகள்மீது நம் முன்னோருக்கும் பேரார்வம் இருந்தது. 1206இல் பொறியறிஞர் அல் ஜஸரி எழுதிய இயந்திர நூலில், எழுத்துகளைச் சுழற்றிப் பொருத்தித் திறக்கும் பூட்டின் அமைப்பு விளக்கப்பட்டுள்ளது. அவர் அரசவையில் பணியாற்றிய அறிஞர். அதே வேளையில் தம் கையால் செய்து பார்த்தவற்றை எழுதியவர். அறிவும் கைத்திறனும் அவரிடத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை.

எம் மாலை வகுப்பில் முன்னர் ஒரு மாணவன் இருந்தான். பின்னக் கணக்கு அவனுக்கு வரவே வராது என்று பள்ளியில் முடிவு செய்திருந்தனர். அவனுடைய தந்தை பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. ஒரு நாள், லீவர் தகட்டில் அரை நூல், கால் நூல் என்று தந்தை எவ்வாறு அளந்து அராவுகிறார் என்பதை அவன் தன் தோழனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். எட்டில் ஒரு பங்கினை அவன் பிழையின்றிக் கையாண்டான். கரும்பலகையில் எழுதினால் மட்டும் அவனுக்கு அது அந்நியமாகிவிட்டது. பிள்ளை அறிந்திருந்தான், அவன் அறிந்திருக்கிறான் என்பதைப் பள்ளிதான் அறியவில்லை. பெற்றோரின் கைத்தொழிலைப் பள்ளிக்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லும் கல்வி, பாதிப் பிள்ளையைத்தானே வகுப்பறைக்குள் அனுமதிக்கிறது?

அலிகரிலிருந்து ஓர் ஆசான்

திண்டுக்கல் பூட்டுக்குக் கடும் போட்டியாக வந்தது அலிகர் பூட்டு. இயந்திரத்தால் செய்யப்பட்ட மலிவான அந்தப் பூட்டுகள் சந்தையில் இறங்கியதும் இங்குள்ள பட்டறைகள் பல தளர்ந்தன. ஆனால் அதே அலிகரிலிருந்துதான், இந்தச் சமவெளியின் கல்வி வரலாற்றோடு தொடர்புடைய ஓர் ஆசானும் தோன்றினார். அவர்தாம் மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன்.

அவரைக் குடியரசுத் தலைவராக நாம் அறிவோம். 1967இல் அப்பதவியை ஏற்று, 1969 மே 3ஆம் நாள் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். ஆனால் அவருடைய வாழ்வின் பெரும் பகுதி ஒரு சிறிய, ஏழைக் கல்வி நிலையத்தில் கழிந்தது. 1920 அக்டோபர் 29ஆம் நாள் அலிகரில் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா தொடங்கப்பட்டபோது அதில் இணைந்த இளைஞர்களுள் அவரும் ஒருவர். 1925இல் அது தில்லிக்கு மாறியது. பெர்லினில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று 1926இல் திரும்பிய ஜாகிர் ஹுசைன், தம் 29ஆம் வயதில் அதன் துணைவேந்தரானார். அப்பொறுப்பில் 1948 வரை இருந்தார். நிலையத்தைத் தாங்கி நின்ற ஹக்கீம் அஜ்மல் கான் 1927இன் இறுதியில் மறைந்ததும் கருவூலம் வறண்டது. அப்போது ஆசிரியர்கள் கூடி ஓர் உறுதி ஏற்றனர். 20 ஆண்டுகள் இங்கேயே பணியாற்றுவோம். மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறமாட்டோம் என்பதே அது. வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர்கள் ஏற்ற உறுதி அது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

ஜெர்மனியில் அவர் கற்று வந்தது பொருளாதாரம் மட்டுமன்று. மியூனிக் நகரப் பள்ளிகளைச் சீர்திருத்திய கெர்ஷென்ஸ்டைனர் என்பவரின் கருத்துகளும் அவரைக் கவர்ந்தன. கெர்ஷென்ஸ்டைனர் ஓர் எடுத்துக்காட்டினை விளக்கிச் சொல்வதுண்டு. மைனா இனத்தைச் சேர்ந்த ஒரு பறவைக்கு மரப்பலகையில் கூடு செய்யுமாறு மாணவர்களிடம் கூறுவது. பலகையை வீணாக்காமல் எப்படி வெட்டுவது, எந்தக் கோணத்தில் இணைப்பது என்று மாணவன் முதலில் சிந்திக்க வேண்டும், வரைய வேண்டும், பிறகு செய்ய வேண்டும். செய்து முடித்தபின் இடுக்கு விழுந்திருந்தால் அவன் கண்ணுக்கே அது தெரியும். ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட வேண்டியதில்லை. செய்த பொருளே சரி, தவறு சொல்லிவிடும்.

நம் திண்டுக்கல் பூட்டும் அப்படித்தான். சாவி போட்டால் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் எங்கோ பிழை. பூட்டு முகத்துக்காகப் பொய் சொல்லாது. தன் வேலையைத் தானே சோதித்துப் பார்க்கும் நேர்மையைப் பிள்ளையிடம் வளர்ப்பதுதான் உண்மையான அறிவியல் கல்வி. இக்கருத்து ஜாமிஆவின் ஆரம்பப் பள்ளியில் செயல் வடிவம் பெற்றது. அங்கே பிள்ளைகளே ஒரு சிறு கடை நடத்தினார்கள்; ஒரு சிறு வங்கி நடத்தினார்கள்; அவற்றின் கணக்கு வழியாகவே கணிதம் கற்றார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த யூதப் பெண்மணி கெர்டா பிலிப்ஸ்பார்ன், 1943இல் இறக்கும் வரை அங்கேயே தங்கி மழலையருக்குப் பணியாற்றினார். துணைவேந்தராக இருந்த ஜாகிர் ஹுசைனோ குழந்தைகளுக்காகக் கதைகள் எழுதினார். பெரியவர்கள் பிள்ளைகளின் உயரத்திற்குக் குனிந்து நின்ற பள்ளி அது.

வார்தாவில் உருவான திட்டம்

1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில், புதிய தேசியக் கல்வித் திட்டம் ஒன்றை வகுக்கக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். அமைப்பாளர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். உறுப்பினர்களுள் தஞ்சையில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவும் ஒருவர். அலிகரும் யாழ்ப்பாணமும் தஞ்சையும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதிய அந்த அறிக்கை, அதே ஆண்டு டிசம்பரில் அளிக்கப்பட்டது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழிப் பாடம், நூற்பு, வேளாண்மை போன்ற ஒரு கைத்தொழிலை நடுநாயகமாகக் கொண்ட பாடத்திட்டம் ஆகியவை அதன் அடிப்படைகள். ‘ஆதாரக் கல்வி’ என்றும் ‘நயீ தாலீம்’ என்றும் அது வழங்கப்பட்டது.

அதன் நாள் நேர அட்டவணையைப் பாருங்கள். மொத்தம் ஐந்தரை மணி நேரம். அதில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு. இசை, ஓவியம், கணிதம் ஆகிய மூன்றுக்கும் 40 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். சமூகவியலுக்கும் பொது அறிவியலுக்கும் சேர்த்து 30 நிமிடம். உடற்பயிற்சிக்கும் இடைவேளைக்கும் பத்துப் பத்து நிமிடங்கள். ‘அறிவியலுக்கு அரை மணி கூட இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். கைத்தொழில் நேரமே அறிவியல் நேரமாகவும் கணித நேரமாகவும் மாற வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியவர் ஆசிரியர். அவர் செய்யாவிட்டால் எஞ்சுவது வெறும் கூலி வேலைதான்.

இந்த அபாயத்தைக் குழுவினர் அறியாமல் இல்லை. வருமானத்தில் கண் வைத்துக் கல்வியைக் கைவிடும் நிலை வரலாம், ஆசிரியர்கள் பிள்ளைகளிடமிருந்து இயன்ற அளவு வேலை வாங்குவதிலேயே முனையலாம் என்று அறிக்கையிலேயே எச்சரித்தனர். எச்சரிக்கை எழுதிய கையே திட்டத்தையும் எழுதியது என்பது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று.

சின்னாளப்பட்டிச் சாலையில்

இப்போது திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் தெற்கே செல்வோம். ஏறத்தாழ 10, 12 கிலோமீட்டரில் சின்னாளப்பட்டி. நெசவாளர்களின் ஊர். தெருக்களில் நடந்தால் தறியின் ஓசை கேட்கும். சுங்குடிச் சேலைகள் வெயிலில் உலரும். இங்குள்ள நெசவாளர் ‘நாற்பதாம் நம்பர் நூல்’ என்று இயல்பாகச் சொல்வார். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த நம்பர். அப்படியானால் நாற்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். நூல் எவ்வளவு மெல்லியதோ, நம்பர் அவ்வளவு உயரும். தலைகீழ் விகிதம் என்று பாடநூல் கூறுவதை நெசவாளியின் மகள் விரல் நுனியால் உணர்ந்திருக்கிறாள்.

இவ்வூரை ஒட்டி, சிறுமலை அடிவாரத்தில் அமைந்திருப்பதுதான் காந்திகிராமம். 1947 அக்டோபர் 7ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற இரண்டு மாதங்களுக்குள் இது தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் ஒரு தம்பதியர். ஒருவர் டாக்டர் சௌந்திரம் அம்மையார். டி. வி. எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி. இளம் வயதிலேயே கணவரை இழந்து, வீட்டின் மூலையில் முடங்காமல் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானவர். மற்றொருவர் கேரளத்தைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரன். தாகூரின் சாந்திநிகேதனில் பயின்றவர். சாதியும் மொழியும் வேறான இவ்விருவரும் காந்தியடிகளின் ஆசியோடு 1940இல் மணம் புரிந்தனர்.

இராமச்சந்திரன் மாணவப் பருவத்திலேயே கேள்வி கேட்பதில் அஞ்சாதவர். 1924இல், இருபது வயது இளைஞராக, தில்லியில் காந்தியடிகளைச் சந்தித்துக் கலையைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் அடுக்கடுக்காக வினவினார். எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்ற கேள்விக்கு, இயந்திரத்தை அல்ல, இயந்திரப் பித்தைத்தான் எதிர்ப்பதாகக் காந்தியடிகள் விளக்கமளித்தார். தையல் இயந்திரத்திற்கு அவர் விலக்கு அளித்ததும் அந்த உரையாடலில்தான். மூத்தவர் முன்னே ஓர் இளைஞர் துணிந்து கேட்டதும், மூத்தவர் சினமின்றிப் பதிலளித்ததும் நம் கவனத்திற்குரியவை. அந்த இளைஞரே பின்னாளில் ஒரு கல்வி நிலையத்தின் தலைவரானார். கேள்வி கேட்டு வளர்ந்தவருக்குத்தான் கேள்வியின் அருமை தெரியும்.

காந்திகிராமம் பெரிய கட்டடங்களோடு தொடங்கவில்லை. அம்மையாரின் சிறு மருத்துவ நிலையம் பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இல்லங்கள் அமைந்தன. ஆதாரக் கல்விப் பள்ளியோடு, ஆசிரியர்களுக்கான பயிற்சியும் கிராம சேவகிகளுக்கான பயிற்சியும் தொடக்க ஆண்டுகளிலேயே இடம்பெற்றன. 1956இல் கிராமிய உயர்கல்விக்கான நிறுவனம் உருவாயிற்று. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அம்மையார், ஒன்றிய அரசில் கல்வித் துறைத் துணையமைச்சராகப் பணியாற்றினார். அவர் 1984லும், இராமச்சந்திரன் 1995லும் மறைந்தனர்.

இவர்கள் வகுத்த வரிசையைக் கவனியுங்கள். பிள்ளைக்குக் கற்பிக்கப் புறப்பட்டவர்கள், பிள்ளையின் உடல் நலத்தையும், தாயின் நலத்தையும், ஆசிரியரின் தகுதியையும் பள்ளியோடு சேர்த்தே எண்ணினார்கள். பசித்த பிள்ளைக்குச் சோதனைக் குழாய் எதற்கு? பயிற்சியற்ற ஆசிரியரிடம் நூற்புக் கருவி எதற்கு?

ஏன் தளர்ந்தது?

இத்தனை பெரியோர் முயன்றும் ஆதாரக் கல்வி நாடெங்கும் வேரூன்றவில்லை. உண்மையை மறைக்காமல் பேசுவோம். ஏழைக்கு ஆதாரப் பள்ளி, வசதியுள்ளவருக்கு ஆங்கிலப் பள்ளி என்று இரண்டு பாதைகள் உண்டாயின. தலைவர்கள் மேடையில் ஆதாரக் கல்வியைப் புகழ்ந்தனர். அவர்களுள் பலருடைய பிள்ளைகள் வேறு பள்ளிகளில் பயின்றனர். ஏழைப் பெற்றோர் இதனைக் கவனிக்காமலா இருப்பார்கள்? கல்லூரிக்கும் வேலைக்கும் வழிகாட்டாத பள்ளி தம் பிள்ளைக்கு வேண்டாம் என்று அவர்கள் எண்ணியதில் தவறேதும் இல்லை. கல்வியைச் சீரமைக்க 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி ஆணையம், ஆதாரக் கல்வியின் சாரத்தை ‘வேலை அனுபவம்’ என்ற பெயரில் பொதுக் கல்விக்குள் சேர்க்கப் பரிந்துரைத்தது. அதுவும் பல இடங்களில் வாரத்திற்கு ஒரு பாடவேளையாகச் சுருங்கியது.

தமிழகத்தில் இன்னொரு காயமும் உண்டு. 1953இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த திட்டத்தின்படி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரம் குறைக்கப்பட்டு, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும் என்றாயிற்று. அது குலக்கல்வித் திட்டம் என்று கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் கைவிடப்பட்டது. எதிர்ப்பு நியாயமானதே. செருப்புத் தைப்பவர் மகன் செருப்பே தைக்க வேண்டும் என்பதற்குப் பெயர் கல்வியன்று. வார்தா அறிக்கை கூறியது வேறு. அங்கே எந்த வீட்டுப் பிள்ளையாயினும் எல்லோரோடும் அமர்ந்து ஒரே தொழிலைப் பள்ளியில், பயிற்சி பெற்ற ஆசிரியரிடம், காரண காரியத்தோடு கற்க வேண்டும். பூட்டுத் தொழிலாளியின் மகன் செடியை ஆராயட்டும். வணிகரின் மகள் பூட்டினைக் கழற்றிப் பார்க்கட்டும். இரண்டிற்கும் இடையே உள்ள தூரம், விடுதலைக்கும் விலங்கிற்கும் இடையே உள்ள தூரம்.

இந்த வேறுபாட்டினை நாம் இன்றும் மறக்கக் கூடாது. பட்டறையின் கல்வி மதிப்பைப் பேசும்போதே, பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பிவிடும் ஆபத்தும் பக்கத்தில் நிற்கிறது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆகவே பட்டறையின் அறிவு பள்ளிக்கு வரட்டும். பிள்ளை பட்டறைக்குப் போக வேண்டாம்.

இன்று நாம் பார்க்க வேண்டியவை

இக்காலத்தில் ‘ஸ்டெம்’ என்ற சொல் எங்கும் ஒலிக்கிறது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த சொல் அது. 2022 நவம்பர் 28ஆம் நாள் தமிழக அரசு திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றத் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரிசோதனைக் கருவிகளோடு கருத்தாளர்களை அனுப்பியது. வரவேற்க வேண்டிய முயற்சி. தனியார் பள்ளிகளும் பளபளக்கும் ஆய்வுக்கூடங்களைக் காட்டி விளம்பரம் செய்கின்றன. நம் சமுதாய அறக்கட்டளைகளும், ஜமாஅத்துகளும், ஐம்பது அறுபது பிள்ளைகளைக் கொண்ட சிறு பள்ளிகளை நடத்துவோரும் இத்தகைய கூடங்களுக்காக நன்கொடை திரட்டுவதைக் காண்கிறோம்.

கருவி வாங்குவது எளிது. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது அதைவிட எளிது. ஆனால் ஜாமிஆவையும் காந்திகிராமத்தையும் தாங்கியவை கருவிகள் அல்ல. தம் பணியில் நீண்ட காலம் நிலைத்து நின்ற மனிதர்களே அவற்றைத் தாங்கினார்கள். எனவே ஒரு சிறு பள்ளியைப் பார்க்கச் செல்லும்போது, கணினி எத்தனை என்று கேட்பதற்கு முன், நான்கு கேள்விகளைக் கேளுங்கள் என்று உங்களை வேண்டுகிறேன்.

இப்பள்ளியில் ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதற்கென வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது? இது முதற் கேள்வி. தான் செய்து பார்க்காத பரிசோதனையை ஆசிரியர் கரும்பலகையில்தான் நடத்துவார்.

பிள்ளை செய்த பொருளில் பிழை நேர்ந்தால் என்ன நடக்கிறது? இது இரண்டாவது. பிழையைக் கண்டுபிடிக்கப் பிள்ளைக்கே நேரம் தரப்படுகிறதா, அல்லது மதிப்பெண் குறைக்கப்பட்டு அடுத்த பாடம் தொடங்கிவிடுகிறதா?

பள்ளியைச் சுற்றியுள்ள தொழிலாளர்கள் எவரேனும் வகுப்பறைக்குள் மரியாதையோடு அழைக்கப்பட்டதுண்டா? இது மூன்றாவது. ஒரு பூட்டுத் தொழிலாளியை ஒரு மணி நேரம் ஆசிரியர் நாற்காலியில் அமரச் செய்து பாருங்கள். அன்று அவருடைய பிள்ளை தலை நிமிர்ந்து வீடு திரும்புவான்.

நிர்வாகிகளின் சொந்தப் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்களா? இது நான்காவது; கடினமானதும் கூட. ஆதாரக் கல்வியைத் தளரச் செய்தவற்றுள் ஒன்று, இந்தக் கேள்வியைக் கேட்க எவரும் முன்வராததே.

தலைமை ஏற்போரின் கடமை இவற்றிலேயே அடங்கியிருக்கிறது. ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது, கற்பிப்பது, அவருடைய ஊதியத்தைத் தாமதிக்காமல் தருவது, பொதுத் தேர்வு முடிவு ஒன்றையே கேட்கும் பெற்றோரிடமிருந்தும் ஆண்டுவிழாக் காட்சி ஒன்றையே கேட்கும் புரவலரிடமிருந்தும் அவரைக் காப்பது. ஆசிரியரின் கை கட்டப்பட்டிருக்கும் பள்ளியில் பிள்ளையின் கை ஒருபோதும் அவிழாது. ஜாகிர் ஹுசைன் தம் தோழர்களோடு 20 ஆண்டு உறுதி ஏற்றதைச் சொன்னேன். எல்லோரிடமும் அத்தகைய தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. குடும்பத்தோடு வாழும் ஆசிரியருக்கு உரிய ஊதியம் தந்தே ஆக வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் பள்ளியில் பிள்ளையை யார் அறிந்திருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு பள்ளிக்கு இறைவன் அளித்திருக்கும் பெரும் பேறு, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறியும் வாய்ப்பு. அதனை இழந்துவிட்டுப் பெரிய பள்ளியைப் போல் நடிப்பதில் என்ன பயன்?

திண்டுக்கல்லுக்குச் செல்லும் வாசகர்கள் கோட்டைமேல் ஏறிப் பாருங்கள். பேகம்பூர்ப் பள்ளிவாசலில் தொழுங்கள். பூட்டுக் கடையில் ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்குங்கள். சின்னாளப்பட்டியில் துணி எடுத்துக்கொண்டு, காந்திகிராமத்து மரநிழலில் சற்று அமருங்கள். வீடு திரும்பியதும் அந்தப் பூட்டினை உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்து, ‘இது எப்படித் திறக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவனோ அவளோ திருப்பிப் பார்க்கட்டும், ஆட்டிப் பார்க்கட்டும், தவறாகச் சொல்லட்டும், மீண்டும் முயலட்டும். அந்த நேரம் முழுவதும் பொறுமையோடு அருகில் இருப்பதுதான் ஆசானின் பணி. தாய் தந்தையரின் பணியும் அதுவே. அத்தகைய பொறுமையுள்ள ஆசிரியர்களையும், அவர்களைப் போற்றிக் காக்கும் தலைவர்களையும் நம் ஊர்தோறும் உருவாக்க முயல்வோமாக!